பிரிண்டருக்குக் கொடுத்த ஒன்றாம் எண்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே நான் நலம். அம்மாவும் நலம்தான், ஆனால் எட்டு அடி தூரத்துக்கு மட்டும் நலம், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருப்பேன், இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவளுக்குக் கேட்டுவிடுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு கால்தான் மெதுவாகியிருக்கிறது, காது இரண்டு மடங்கு கூர்மையாகிவிட்டது. அதனால் கையால் எழுதி ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

முதலில் நல்ல செய்தி. வைஃபை பெட்டி சரியாகிவிட்டது, நீ புதுசு வாங்கி அனுப்ப வேண்டாம். பழுது பெட்டியில் இல்லை, உன் அப்பாவிடம் இருந்தது. எப்படி என்று சொல்கிறேன், சிரித்துக்கொள், ஆனால் கடைசிவரை படி, கடைசியில் உனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்த கதையையும் நடுநடுவே சொல்வேன், வரிசை விட்டுப்போனால் கணக்கு விளங்காது.

அம்மா இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு பிசியோதெரபிஸ்ட் டேப்லெட்டில் வந்து அவளுக்குப் பயிற்சி கொடுக்கிறார் இல்லையா, முதல் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் சக்கர நாற்காலி போய் வாக்கர் வந்தது, அதே வாரத்தில் இணைப்பு அறுபடத் தொடங்கியது. அவர் "காலைத் தூக்குங்கம்மா" என்பார், அம்மா தூக்குவாள், "இறக்குங்க" என்று சொல்வதற்குள் படம் அப்படியே நின்றுவிடும். தூக்கிய காலோடு என்னைப் பார்த்து, "இறக்கவா வேண்டாமா, கேட்டுச் சொல்லுங்க" என்பாள். லேப்டாப்பும் ஓடாது. பெட்டிக்குள் என்ன கோளாறு என்று பார்க்க நீ சொல்லிக்கொடுத்த அந்தப் பக்கமும் திறக்காது. ஆனால் பெட்டியில் விளக்கெல்லாம் பச்சையாக எரியும், அதில் செருகிய வீட்டுத் தொலைபேசி ஒழுங்காக வேலை செய்யும், அதில்தானே உன்னைக் கூப்பிட்டுப் புலம்பினேன். அரைமணி நேரம் கழித்து எல்லாம் தானாகவே வந்துவிடும், அதற்குள் பிசியோதெரபிஸ்ட் அடுத்த நோயாளிக்குப் போயிருப்பார். போனில் சொல்லி நடக்கவைக்கலாமே என்று கேட்டேன், கண்ணால் பார்க்காமல் ஒரு அடிகூட எடுக்கவைக்க மாட்டேன் என்றார், அதுவும் நியாயம்தான்.

இணைப்புக் கம்பெனியிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தார், என்னைவிட நாலைந்து வயது இளையவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிறவர். மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வருவார், அப்போது எல்லாம் சமர்த்தாக ஓடும். "ஐயா, வெளியிலேர்ந்து வர்ற லைன்ல ஒண்ணும் இல்ல. பெட்டி உலகத்தோடெல்லாம் நல்லாத்தான் பேசுது, உங்க வீட்டுக்குள்ளதான் பேச மாட்டேங்குது போல" என்றார். அம்மா கட்டிலிலிருந்தே, "அப்ப அது இவரோட சேர்ந்து கெட்டுப்போச்சு" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கேபிளை மாற்றிவிட்டுப் போனார்.

அப்போதுதான் நான் பழி போட வாக்கரைப் பிடித்துக்கொண்டேன். பெட்டி நடைவழியில் செருப்பு அலமாரிமேல் இருந்தது அல்லவா, வாக்கர் வந்த அன்று அதன் கால் கேபிளில் சிக்கி அது கழன்றுவிட்டது. ஒரே ஒரு தடவை. அதன்பிறகு எப்போது இணைப்பு போனாலும் "நீதான் தட்டியிருப்பே" என்று சொல்லிவிடுவேன். நீயும் ஒருநாள் ஆபீஸ் அவசரத்தில், "அம்மா, அந்தப் பக்கமே போகாதீங்க, ரூமுக்குள்ளயே நடங்க" என்றாய். அன்றிலிருந்து அவள் அறை வாசலைத் தாண்டவில்லை. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு எட்டு அடி, ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு எட்டு அடி. களைப்பு போல என்று நான் நினைத்துக்கொண்டேன். எத்தனை பேர் முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தியிருக்கிறேன், இந்த ஒரு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

போன வாரம் பிசியோதெரபிஸ்ட் தொலைபேசியில் கூப்பிட்டார். பாதிக்கு மேல் பயிற்சி விட்டுப்போய்விட்டது, கால் இறுகுகிறது, இருபதாம் தேதி நேரில் வருகிறேன், நடைவழியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பினால் நல்லது, இல்லையென்றால் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அம்மா, "மறுபடி அந்தக் கட்டிலுக்கா, நான் மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். வகுப்பில் எங்கிருந்தோ சத்தம் வரும், வாத்தியார் திரும்பினால் நின்றுவிடும், அதற்கு ஒரே வழி எல்லோரையும் வெளியே அனுப்பி ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவது. அதே மாதிரி வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தேன். பெட்டியை மட்டும் போட்டேன். டேப்லெட்டைப் போட்டேன், சரியாக இருந்தது. அரைமணி விட்டு லேப்டாப், அதுவும் சரி. டிவி, அதுவும் சரி. பத்து மணி ஆகப்போகிறதே என்று வழக்கம்போல் பிரிண்டரைப் போட்டு அன்றைய பயிற்சித் தாளை அடித்தேன், பெரிய எழுத்தில் அடித்தால்தான் அம்மா டிக் போட வசதி. தாள் அழகாக வந்தது. டேப்லெட் செத்தது. பிரிண்டரை அணைத்தேன், ஓரிரு நிமிஷத்தில் டேப்லெட்டுக்கு உயிர் வந்தது. போட்டேன், செத்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதேதான். இத்தனை நாள் பிரிண்டர்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் எல்லாம் முரண்டு பிடிக்கும் நேரத்தில் சொன்ன பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான். கைகட்டி உட்கார்ந்திருக்கும் முதல் பெஞ்சுப் பையனை யாராவது விசாரிப்பார்களா.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். வாக்கர் வந்த அதே வாரம், லேப்டாப்புக்குப் பிரிண்டர் அடிக்கடி காணாமல் போகிறது என்று சொன்னேனே, அதற்கு நீ, பிரிண்டருக்கு இணைப்பில் விலாசம் மாதிரி நிரந்தரமாக ஒரு எண் கொடுத்துவிடுங்கள், கடைசியில் ஐம்பது என்று போடுங்கள் என்றாய். சரி சரி என்றேன். போனை வைத்ததும், இது என்ன ஐம்பது, எந்தப் பதிவேடு ஐம்பதில் தொடங்குகிறது என்று தோன்றிவிட்டது. ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டு வருகைப் பதிவேடு மாதிரி எழுதினேன், பிரிண்டர் ஒன்று, டேப்லெட் இரண்டு, லேப்டாப் மூன்று என்று. அதன்படி பிரிண்டருக்கு அந்த ஒன்றைப் போட்டும்விட்டேன். பெட்டியை எழுதவில்லை. அதுதானே எல்லோரையும் மேய்க்கிறது, அது வாத்தியார், வாத்தியாருக்குப் பதிவேட்டில் எண் கிடையாது. ஆனால் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் அதன் எண் தெளிவாக இருக்கிறது அம்மாடி, கடைசியில் ஒன்று. ஆக, டேப்லெட் "ஒன்றாம் எண்" என்று கூப்பிட்டால் பெட்டியும் "உள்ளேன்" என்கிறது, பிரிண்டரும் "உள்ளேன்" என்கிறது. வெளியுலகத்துக்குப் போக வேண்டியதையெல்லாம் பிரிண்டர் கையில் கொடுத்தால் அது பாவம் என்ன செய்யும். பயிற்சி முடிந்ததும் நான் கரண்ட்டை மிச்சம் பிடிக்க அதை அணைத்துவிடுவேன், அதனால்தான் எல்லாம் தானாகச் சரியானது, அதனால்தான் மூன்று மணிக்கு வந்தவர் கண்ணில் எதுவும் படவில்லை. நல்லவேளை, மற்றவற்றுக்கு எண் போடுமுன் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. இப்போது பிரிண்டருக்கு நீ சொன்ன ஐம்பதையே போட்டுவிட்டேன். ஐந்து நாளாக, பிரிண்டர் ஓடும்போதுகூட, ஒரு தடவையும் அறுபடவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். "ஸ்கூல்ல எத்தனை புள்ளைங்கள இப்படி வெளிய நிக்க வச்சீங்களோ" என்றாள். அப்புறம் அவளே சிரித்துவிட்டாள், "சரி விடுங்க, டீ போடுங்க" என்றாள். அன்றே பெட்டியைச் சுவரில் உயரத்தில் மாட்டி, கேபிளை ஆணியடித்து மேலே ஏற்றிவிட்டேன், செருப்பு அலமாரியையும் எடுத்துவிட்டேன். நடைவழி சுத்தமாக இருக்கிறது, இருபத்திரண்டு அடி, அளந்து பார்த்தேன்.

ஆனாலும் அவள் வாசல்வரை வருகிறாள், வாக்கரின் முன்கால் நிலைப்படியைத் தொடுகிறது, நிற்கிறாள், திரும்பிவிடுகிறாள். நேற்று மெதுவாகக் கேட்டேன், இன்னும் என்ன பயம் என்று. "அவளும்தானே போகாதேன்னா. அவ்ளோ தூரத்துல இருக்கற புள்ள, அவளுக்கு என்னால எதுக்கு இன்னொரு தொல்லை" என்றாள். என்னோடு சண்டை போட்டு என் சொல்லைத் தள்ளிவிட அவளால் முடிகிறது. உன்னோடு சண்டை போட முடியவில்லை, அதனால் உன் சொல் அவளுக்குள்ளேயே இருக்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, நான் சொன்னதை நம்பித்தான் நீ சொன்னாய்.

இதுதான் உனக்கு வைத்த வேலை. நாளைக் காலை இங்கே பத்தரை மணிக்கு, பயிற்சி முடிந்ததும், நீயே டேப்லெட்டில் கூப்பிடு. என்னைக் கேட்காதே, அவளைக் கேள். எண், பெட்டி, பிரிண்டர் எதுவும் பேச வேண்டாம். "நான் சொன்னது தப்பும்மா, நடைவழிக்கு வாங்க, நான் பாக்கணும்" என்று மட்டும் சொல், சொல்லிவிட்டு உடனே வைத்துவிடாதே. இருபதாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது, நாளைக்கு அவள் நிலைப்படியைத் தாண்டினால் போதும்.

மாப்பிள்ளையை நேரத்தோடு தூங்கச் சொல். நீ கணினி முன்னால் குனிந்தபடியே சாப்பிடாதே, இது மூன்றாவது தடவை எழுதுகிறேன். குழந்தைக்கு எங்கள் இருவரின் முத்தம். எல்லா நலமும் பெற்று, மனசு நிறைந்து வாழ எங்கள் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. பத்தரை மணியை மறக்காதே. கூப்பிட்டதும் என்னைக் காணோமே என்று தேடாதே, டேப்லெட்டை அவள் வாக்கரில் மாட்டிவிட்டு, நான் நடைவழியின் அந்தக் கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா