பையில் பெயர் எழுதியவள்

குண்டசாலை

அன்பு மகன் யோகராஜுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன், அந்த நினைப்பைக் கெடுத்துவிடாதே. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் தங்கச்சிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கு மனசுக்குத்தான் சுகமில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் எடுத்தால் அப்பா பக்கத்திலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார், வொய்ஸ் அனுப்பினால் தங்கச்சி கேட்டுவிடுகிறாள். கடைக்கார பாரூக் நானாவின் மகன் பவாஸ் லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்புகிறான் என்றதும் அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாயும் வருகிறது.

விஷயம் நம் தர்ஷிகாவைப் பற்றித்தான். ஏ லெவல் வந்ததிலிருந்து அவள் போக்கே வேறு. வெள்ளைச் சட்டை, ரெட்டைப் பின்னல், கறுப்புச் சப்பாத்து, எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி இருப்பதால் பை ஒன்றுதான் எங்களுக்குச் சொந்தம் என்கிறாள். ஒருத்தி கொரியாப் பாட்டுக்காரர் படம் ஒட்டியிருக்கிறாளாம், ஒருத்தி பத்து பொம்மை தொங்கவிட்டிருக்கிறாளாம். இவள் என்ன செய்தாள் தெரியுமா? எழுத்தை அழிக்கிற வெள்ளை மையால் தன் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் பை முழுக்க எழுதி வைத்திருக்கிறாள். பார்த்தவுடனே தமிழ்ப் பிள்ளை என்று யாருக்கும் தெரிந்துவிடுமே. சண்டைக் காலத்தில் நாங்கள் வேலைக்குப் போகும்போது பஸ் ஏறுமுன் பொட்டை அழித்துவிடுவோம், ஏறினால் இறங்கும்வரை வாய் திறக்கமாட்டோம். எவனாவது வந்து உரசினால் சத்தமில்லாமல் ஊக்கால் ஒரு குத்து, அவ்வளவுதான். அதே மாதிரி இவளுக்கும் ஒரு ஊக்கு கொடுத்தேன். அதைப் பையில் பொம்மை மாட்ட வைத்துக்கொண்டாள்.

போன கிழமை கண் கிளினிக்குக்காகத் தங்கச்சி பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸிலேயே கண்டிக்குப் போனேன். கூட்டாளிகள் முன்னால் நான் பக்கத்தில் நிற்பது இவளுக்குப் பிடிக்காது, அதனால் அவள் பின்கதவால் ஏற, நான் முன்கதவால் ஏறினேன். பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. தென்னக்கும்புரப் பாலத்துக்கிட்ட வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம், சுத்தத் தமிழில். “கையை எடு. இன்னொருக்கா பட்டுச்சுன்னா பஸ்ஸை நிப்பாட்டுவேன்.” உடனே அதையே சிங்களத்திலும் சொன்னாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பிள்ளையின் குரல் என்று தெரிந்தும் நான் முன்கதவுக் கம்பியைப் பிடித்தபடியே நின்றேன். கொண்டக்டர் அவளைப் பையிலிருக்கும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான், சொந்தத் தங்கச்சியைக் கேட்கிற மாதிரி என்ன நங்கி என்று கேட்டுக்கொண்டே கூட்டத்தைத் தள்ளி வந்தான். மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட இவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அந்த ஆள் பாலம் தாண்டியதும் இறங்கினான். இறங்கும்போது அவள் பையை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, போட்டிருந்த நீலச் சேட்டு மட்டும்தான் தெரிந்தது. இப்போது சந்தியில் நீலச் சேட்டோடு யார் நின்றாலும் அவன்தான் என்று பதறுகிறது. காலையில் அவள் பஸ் ஏறும்வரை பாரூக் நானாவின் கடை மறைவில் நிற்கிறேன், அதற்காகவே கார்மெண்ட்ஸ் தையல் வேலைக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்குகிறேன். பையைக் கழுவு என்று கெஞ்சினேன். பெயர் தெரிந்ததால்தானே கொண்டக்டர் வந்தார், கூட்டத்தில் யாரோ ஒரு பிள்ளை என்றால் வந்திருப்பாரா என்று கேட்கிறாள். நேற்றுக் காலை, பஸ் வருமுன் நேராகக் கடைக்கே வந்து நின்றாள். “ஒளிஞ்சி நிக்காம பக்கத்துல வந்து நில்லுங்கம்மா” என்றாள். இத்தனை நாளும் தெரியுமாம், கள்ளி. போய் நின்றேன். பஸ் வரும்வரை நின்றேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் தன்னோடு வேலை செய்கிறவர் மூலம் தெரிந்துவிட்டது. படித்தது போதும், அடுத்த மாதம் அவளையும் கார்மெண்ட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று என்னிடம் சொல்கிறார். கோபம் இல்லை மகன், அவருக்கும் பயம்தான். ஆனால் தானாக முடிவெடுக்கமாட்டார் என்று உனக்குத் தெரியும், மூத்தவன் சொல்லட்டும் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்பார். எனக்கும் ஒவ்வொரு நாளும் அவள் வீடு வரும்வரை உயிர் கையில் இல்லை, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்காக அவளை மெஷின் முன்னால் உட்காரவைத்தால், அந்தச் சத்தம் அவள் வாயிலிருந்து பிறகு வராது. போகட்டும் அப்பா, படிக்கட்டும் என்று நீ சொன்னால் போதும். வேறு மாதிரி சொல்லத் தோன்றினால், ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்காதே.

வெயிலில் தொப்பி போடாமல் நிற்காதே, பல்வலியைத் தள்ளிப்போடாதே. இந்தக் கடிதம் வந்ததை யாருக்கும் சொல்லாமல், ஊறுகாய் கிடைத்தது என்று மட்டும் சொல். கதிரேசப் பெருமான் உன்னையும் உன் தங்கச்சி போகிற பாதையையும் காக்கட்டும்.

உன் அம்மா
பிரேமிளா