ஆட்டுக் கொட்டகை மேல் கிடந்த பேனர்

மச்சான்,

போன வாரம் மழையில் ஆட்டுக் கொட்டகை ஒழுகியது. மேலே விரித்திருந்த பழைய பேனரை இழுத்துக் கட்டப் போனேன். வெயிலில் காய்ந்து மழையில் நனைந்த பிளாஸ்டிக் வாசம். அதில் நம் பிரேசில் பந்தாட்டக்காரன். மஞ்சள் சட்டை, கலங்கிய கண், இரண்டு பக்கமும் மெழுகுவத்தி. கீழே பெரிய எழுத்து.

நான் இப்போது முதியோர் வகுப்புக்குப் போகிறேன். விரல் வைத்துக் கூட்டினேன். பிறந்த. நாள். வாழ்த்து. நானே படித்துவிட்டேன்! சந்தோஷம் தாங்காமல் ஆடுகளைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் மறுபடி முதலிலிருந்து விரல் வைத்துக் கூட்டினேன்.

மார்க்கெட் கமிட்டியில் மல்லாக்கொட்டை மூட்டை இறக்கிவிட்டு, டீக்கடை டிவியில் அவன் ஓடுவதைப் பார்ப்போமே. அவன் ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆன பிறகும், கோட்டை அடிவார மைதானத்தில் விளையாடுகிறவர்கள் அவன் நம்பரைத்தான் முதுகில் போட்டிருந்தார்கள். "பார்றா, அவன் ஆடுனப்ப பொறக்காதவனுக்கும் அவன்தான்" என்று பூரித்துப்போவாய்.

அந்தப் பசங்கள் பேனர் கட்டிய அன்று மெழுகுவத்தியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாய். கீழே இருந்த எழுத்து நம் இரண்டு பேருக்குமே படிக்கத் தெரியாது.

"போயிட்டான்டா."

"இருடா, பசங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்."

என் கையை இறுக்கிப் பிடித்தாய். "கேக்காதடா. கேட்டா நெசமாயிடும்."

நான் கேட்கவில்லை. அவர்கள் கழற்றிப் போட்ட பேனரை வீட்டுக்கு எடுத்து வந்தேன், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நெஞ்சு மருந்துக்குப் பாண்டிச்சேரி போவதையே நிறுத்திவிட்டாய். பஸ்சுக்கு நேரமாச்சு என்று வாசலில் நின்று கத்துவேன். "கல்லு மாதிரி இருந்தவனே போயிட்டான். நான் இன்னாத்துக்கு மூச்ச புடிச்சினு இருக்கணும்?" என்பாய். மாசியில் போய்விட்டாய்.

மறுநாள் காலை பேனரைச் சுருட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். விளையாடிக்கொண்டிருந்தவர்கள் சுற்றிலும் கூடிவிட்டார்கள். அவன் உசுரோட இருக்கானா என்று கேட்டேன்.

"தாத்தா, அவரு சூப்பரா இருக்காரு. தொப்பதான் வச்சிட்டாரு. இந்த வருசமும் பேனர் உண்டு, வந்துடு."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே பத்தடி நடந்து போய் இதைக் கேட்டிருக்கலாமே மச்சான். உன் கையை உதறியிருக்கலாமே. நேரே சுடுகாட்டுக்குப் போய், உன்னை எரித்த இடத்தில் நின்று, "அவன் சாவலடா, நல்லா இருக்கான்டா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரிடம் கத்துகிறேன்?

இப்போது வழியில் எந்தப் பேனரைப் பார்த்தாலும் நின்று கூட்டிப் படிக்கிறேன். பக்கத்தில் நிற்பவருக்கும் சத்தமாகச் சொல்கிறேன்.

மாசியில் உன் படத்தைப் போட்டு உன் மகன் அடித்த பேனரும் என்னிடம்தான் இருக்கிறது. மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அதை மட்டும் நான் இன்னும் படிக்கவில்லை.