கிச்சாப்புக்கு மீசை முளைத்த வருஷம்

3 ஜூலை 2025, வியாழன்

கிச்சாப்புக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. ஐஸ்பெட்டியைத் திறந்தால் கேட்கிறது. பிஸ்கட் டின் மூடிக்குக் கேட்கிறது. நான் "வா" என்றால் மட்டும் கேட்கவில்லை.

பத்து மாத நாய். சோயா சாஸ் கறுப்பு, மலாயில் சோயா சாஸுக்குக் கிச்சாப், அதனால் என் கணவன் தயாளன் வைத்த பெயர் அது. குட்டியாக இருந்தபோது என் பாவாடை ஓரத்தைக் கவ்விக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றுவான். இப்போது கூப்பிட்டால் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான், 'இந்தம்மாவை எங்கேயோ பார்த்திருக்கிறோமே' என்று. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். என்ன வேலை? மின்கம்பம், எதிர்வீட்டுச் சீனர் பூந்தொட்டி, தயாளனுடைய மோட்டார் சைக்கிள் டயர் என்று ஒன்று விடாமல் காலைத் தூக்குவது. எங்கள் கிராமாட் வட்டாரமே அவன் பேரில் பட்டா ஆகிவிட்டது.

6 ஜூலை, ஞாயிறு

தயாளனின் மேனேஜர் குடும்பத்தோடு வந்திருந்தார். கிச்சாப் நடுவீட்டில் சோபா திண்டோடு காதல் பண்ணினான். நான் முறுக்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் மனைவி மின்விசிறியைப் பார்த்தார். மேனேஜர் மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு, "ஹெல்த்தி டாக்" என்றார்.

12 ஜூலை, சனி

ஜெலுத்தோங்கில் மிருக டாக்டர் ஹனாவிடம் அழைத்துப் போனோம். சின்ன வயது டாக்டர், பேச்சு பாதி மலாய் பாதி ஆங்கிலம். மனிதப் பிள்ளைக்குப் பதினைந்து வயது என்றால் எப்படியோ அப்படித்தான் இவன் இப்போது என்றார். உடம்பு முந்திக்கொண்டது, புத்தி பின்னால் வருகிறது. அடிக்கக் கூடாது. திட்டுவதற்காகக் கூப்பிடவே கூடாது, வந்தால் திட்டு கிடைக்கும் என்று தெரிந்தால் எவன் வருவான்? ஒரு சொல், ஒரே தடவை. கேட்டால் உடனே கையில் ஏதாவது தீனி. நீளக் கயிற்றில் கட்டிப் பழக்க வேண்டும். ஆப்பரேஷனும் செய்யலாம், ஊர் சுற்றுவது குறையும், ஆனால் மரியாதை தானாக வராது, அதை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்றார்.

ஆப்பரேஷன் என்றதும் தயாளன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. காரில் வீட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகு சொல்கிறான்: "அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்காம முடிவு பண்றது நியாயமா?"

"கேட்டா சோபாவக் காட்டுவான்" என்றேன்.

15 ஜூலை, செவ்வாய்

ஒரு சொல்லை ஒரே தடவை சொல்ல வேண்டுமாம். கல்யாணமான பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது?

19 ஜூலை, சனி

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பக்கத்து வீடு ஆசியா பீவி அக்கா வீடு. நாங்கள் இருக்கும் வீடும் அவர்களுடையதுதான். நடுவில் இடுப்பளவு சுவர். நாய் வாங்கப் போகிறோம் என்று பயந்து பயந்து கேட்டபோது, "உங்க பக்கம் வளத்துக்க புள்ள. என் பக்கம் வராமப் பாத்துக்க, அது போதும்" என்றார்கள். வேறு யாராவது சரி என்றிருப்பார்களா?

இன்று காலை அந்தச் சுவரை இவன் ஒரே தாவாகத் தாவினான். கொடியில் காய்ந்த வெள்ளைத் தெலுக்கோங்கை, அக்கா தொழும்போது போட்டுக்கொள்ளும் அங்கியை, உருவிக் கவ்விக்கொண்டு திரும்பி வந்தான். கல்யாண ஊர்வலம் மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். அக்கா சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நானே தொவச்சுத் தரேங்கா, மன்னிச்சுருங்கக்கா" என்றேன். மெஷினில் போட்டேன். எச்சில் கறை போக இரண்டு மடங்கு தூள், வாசனைக்கு ரோஜா சாஃப்ட்னர். இஸ்திரி போட்டு, மடித்து, நல்ல தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். பால் மாதிரி இருந்தது. எனக்கே பெருமை!

அக்கா வாங்கவில்லை. "எதுல தொவச்ச?"

"மெஷின்லதாங்கா."

"அது படுக்குற துணியும் அந்த மெஷின்லதான போடுவ?"

போடுவேன் என்ன, இன்றைக்கு அதே தண்ணீரில் அவனுடைய துண்டும் கிடந்தது. முகமே சொல்லியிருக்கும்.

"நாய் எச்சி பட்டா ஏழு தண்ணி கழுவணும். அதுல ஒரு தண்ணி மண்ணு கலந்து. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். எத்தனை நோன்புப் பெருநாள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்! ஆனால் பதற்றத்தில் என் கண்ணுக்குக் கறைதான் தெரிந்தது. அது வெளுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிட்டேன். தட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "செப்டம்பர் முடியட்டும். அதுக்குள்ள அது அடங்கலேன்னா வேற எடம் பாத்துரு புள்ள" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

20 ஜூலை, ஞாயிறு

தயாளனுடைய அண்ணன் பழனியப்பன் பைராம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறார். போனில் சேதியைக் கேட்டதும், "எங்கிட்ட குடுத்துரு லா. மோட்டார் கொட்டாயில கட்டிப் போட்டா தன்னால அடங்கிரும்" என்றார்.

நல்ல மனிதர்தான். ஆனால் ராத்திரி பகலாகச் சங்கிலியில், செம்பனை மரங்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு... நம்ம கிச்சாப்பா? குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு நாய்க்காக. ஆமாம், நாய்க்காகத்தான்.

22 ஜூலை, செவ்வாய்

ஏழு தண்ணிக் கழுவலுக்கென்றே விற்கும் மண் சோப்பும் புதுத் தெலுக்கோங்கும் வாங்கிப் பையோடு அக்கா கேட்டில் மாட்டினேன். சாயங்காலம் பார்த்தேன், உள்ளே எடுத்துப் போயிருக்கிறார்கள். பேச்சு இல்லை.

27 ஜூலை, ஞாயிறு

பாடம் ஆரம்பம். தினமும் பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்ததும், உடைகூட மாற்றாமல் முன்வாசலில் நிற்கிறேன். கையில் அவித்த கோழி ஈரல். "வா." "இரு." இரண்டே சொல். "இரு" என்றால் உள்ளங்கையை அவன் பக்கம் நீட்ட வேண்டும்.

சிக்கல் நாயிடம் இல்லை, தயாளனிடம்தான். "வாடா ராஜா, வாடா என் தங்கம், வரியா இல்லியா, சரி இரு இரு இரு, அப்பா வரேன்" என்கிறான். கிச்சாப் எதைத்தான் கேட்பான்? ஈரலில் பாதியைப் பாடம் தொடங்கும் முன்பே கொடுத்தும்விடுகிறான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா பாண்டான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

"இரு" வந்துவிட்டது! ஒரு மைனா மூக்குக்கு முன்னால் நடந்து போனது. உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனால் உட்கார்ந்தே இருந்தான். நான் குதித்த குதியில் மைனா பறந்துவிட்டது.

16 ஆகஸ்ட், சனி

எல்லாம் போச்சு. கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு காப்பிக்கடைப் பழுப்பு நாய் பின்னால் ஓடிவிட்டான். "வா" என்று ஒரு தடவை சொன்னேன். பிறகு தெருவே கேட்க எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. டாக்டர் ஹனா என்னைப் பார்க்காதவரை நல்லது.

மத்தியானம் மேலெல்லாம் சாக்கடைச் சேற்றோடு, சிரித்துக்கொண்டே தானாக வந்தான். வந்ததற்குப் பாராட்ட வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு "கெட்டிக்காரன்" என்றேன். ஈரலும் கொடுத்தேன். என்ன கொடுமை இது.

6 செப்டம்பர், சனி

அந்த ஓட்டத்துக்குப் பிறகு தயாளனும் ஒருவழியாகச் சம்மதித்தான், ஆப்பரேஷன் முடிந்தது. அவன் அரை மயக்கத்தில் வந்தான். தயாளன் கிளினிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்து அவனுக்குக் கஞ்சி ஊட்டியதும் அந்தத் தயாளன்தான். "மன்னிச்சுக்கடா" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

9 செப்டம்பர், செவ்வாய்

சுவருக்கு மேல் அக்கா தலை தெரிந்தது. "அது என்ன, தலையில வாளியக் கவுத்து விட்டிருக்க?"

"ஆப்பரேஷங்கா. தையல நக்கிரக் கூடாதுன்னு."

"பாவம்" என்றார்கள். ஜூலைக்குப் பிறகு அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு. இரண்டு மூன்று தடவை தயாளனிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

நன்றாகத்தான் இருக்கிறான். நான்கு நாள் நன்றாக இருந்தால் ஒரு நாள் செவிடு. அடங்கியது என்று எப்படிச் சொல்வது? அக்காவிடம் போய்க் கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்காமல் இருக்கவும் பயமாக இருக்கிறது.

26 செப்டம்பர், வெள்ளி

வேலை முடிந்து வரும்போது பாலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்து. கார்கள் அசையவில்லை. அப்போது அக்காவிடமிருந்து போன். "சமையல் கேஸ் தோம்பு போட வந்தவன் ஒங்க கேட்டத் தெறந்து போட்டுட்டுப் போய்ட்டான் புள்ள. அது வெளிய நிக்குது." அதற்குமேல் கேட்பதற்குள் போன் பேட்டரி செத்துவிட்டது.

கடவுளே. தயாளன் வேறு வெளியூரில், ஈப்போவில். லாரி அடித்துக் கிடப்பான். இல்லை, அக்கா மேல் பாய்ந்திருப்பான், வெள்ளிக்கிழமை வேறு. எதுவாயிருந்தாலும் இன்னிக்கோட முடிஞ்சுது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே அழுதேன். பக்கத்துக் காரில் ஒரு மலாய்க்காரர் கண்ணாடியை இறக்கி, "ஓக்கே கா?" என்று கேட்டார்.

வீட்டு முன்னால் வந்து பார்த்தால், அக்கா கேட்டுக்கு வெளியே சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கிறான். சிலை மாதிரி. கேட்டுக்கு உள்ளே அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி.

"கடையிலேர்ந்து வந்தேன். எம்மேல பாயறாப்புல ஓடி வந்துச்சு. நான் எங்க ஓட, இந்த முட்டிய வச்சுக்கிட்டு? பயத்துல நீ செய்ற மாதிரியே கைய நீட்டி 'இரு'ன்னேன். பொத்துனு உக்காந்துருச்சு."

நான் குனிந்து அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்தேன்.

"அஸர் தொழுகைக்கு நேரமாயிருச்சு. அது பாட்டுக்கு ஓடிரும்னு நெனச்சுத்தான் உள்ள போனேன். தொழுதுட்டு வந்து பாக்குறேன், அதே எடத்துல ஒக்காந்து கதவையே பாத்துக்கிட்டு இருக்கு." அக்கா முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள். "நான் பெத்ததுல ஒண்ணாச்சும் ஒரு சொல்லுக்குக் கேட்டிருக்கா, சொல்லு?"

நான் அவனைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது பின்னாலிருந்து குரல்: "ஏய், அதுக்கு ஏதோ குடுப்பியே, அதக் குடு புள்ள. எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டு இருக்கு!"

30 செப்டம்பர், செவ்வாய்

காலையில் பழனியப்பன் அண்ணன் போன் பண்ணினார். சங்கிலி வாங்கிவிட்டாராம், ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வரவா என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன்.

நாள் முழுக்கத் தொழிற்சாலையில் ஒரு வேலையும் ஓடவில்லை. சாயங்காலம் நேரே அக்கா கேட்டுக்குப் போனேன். அக்கா முன்வாசலில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இன்னியோட செப்டம்பர் முடியுது."

"அதனால என்ன, அக்டோபர் வராமப் போயிருமா?" நிமிரவே இல்லை. "நாளைக்கு அலோர் ஸ்டார் போறேன், மக வீட்டுக்கு. ஒரு வாரம் ஆவும். வீட்டப் பாத்துக்கணும்."

"நாங்க பாத்துக்கறோங்கா. தயாளன்கிட்ட சொல்லிடறேன்."

"அவன்ட்ட எதுக்கு, அவன் படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான்." பெட்டியின் பூட்டை அழுத்தி மூடினார்கள். "கிச்சாப்புக்கிட்ட சொல்லிட்டுத்தான் போவணும். சுவத்துக்கு அந்தப் பக்கமே ஒக்காந்து பாக்கட்டும்."