வடக்குப் பனி, தெற்குப் பனி

தளி ரோடு, ஓசூர்
கார்த்திகை 5

என் தங்கம் யுவஸ்ரீக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். கோவாவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், பேச்சு முடிவதே இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

காலையில் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து உளறிவிட்டார். அண்டார்டிகாவில் குளிர்காலம் முழுக்கத் தங்கி ஆராய்ச்சி செய்ய உன்னைத் தேர்ந்தெடுத்தார்களாம். நீ வேண்டாம், முன்பு போன ஆர்க்டிக்குக்கே அனுப்புங்கள் என்று கேட்கப் போகிறாயாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் காபி டம்ளரை ணங்கென்று வைத்தேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தீபாவளிக்கு வந்தபோது நீதானேடி சொல்லித்தந்தாய்? வடக்கே உறைந்த கடல், சுற்றிலும் நாடுகள். தெற்கே நிலம், அதன்மேல் கிலோமீட்டர் கணக்கில் பனி, சுற்றிலும் கடல். வடக்கே மிதக்கிற பனி உருகினாலும் கடல் ஏறாது, டம்ளரில் ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழியாத மாதிரி. தெற்கே நிலத்தின்மேல் கிடப்பது கரைந்து இறங்கினால் கரையோர ஊரெல்லாம் முழுகும். அந்தப் பனிக்குள் லட்சக்கணக்கான வருஷத்துக் காற்று குமிழி குமிழியாக அடைபட்டிருக்கிறது, அதைப் படிக்க வேண்டும் என்று கண்ணை விரித்துக்கொண்டு சொன்னாய்.

இப்போது வடக்கே போதும் என்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியாதா? அங்கிருந்து எந்த மாதமும் விமானம் உண்டு, இரண்டு மூன்று நாளில் ஓசூர் வந்துவிடலாம். தெற்கே மாசியில் கப்பல் திரும்பிவிட்டால் ஐப்பசி வரை யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது.

பெங்களூர் டாக்டர், இவளுக்கு இனி கீமோ ஊசி வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஊசி நின்றது நல்ல சேதி என்று அப்பா அத்திப்பள்ளி வரை பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம் மனுஷன்.

பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவின் புருஷன் போன மாதம் தவறிவிட்டார். துபாயிலிருந்து மகன் சுபாஷ் வரட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வந்தான். மூடியைத் திறக்கச் சொன்னான். அப்பாவின் கன்னத்தைத் தொட்டவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். "அவ்ளோ தூரத்துல இருந்து வந்தும் எம்புள்ள கைய எடுத்துட்டானே ரங்கம்மா" என்று கெம்பம்மா இன்னும் என்னிடம் சொல்லி அழுகிறாள்.

நானும் ரோஜா கம்பெனி கோல்ட் ரூமில் பாதி ஆயுசு நின்றவள். அங்கே வைத்த பூ பார்வைக்கு அப்போது பறித்த மாதிரியே இருக்கும். தொட்டால்தான் தெரியும். அந்தக் குளிர் எனக்குப் போதும் சாமி.

நீ வடக்கே போனாலும் அந்தப் பெட்டிக்குத்தான் வந்து சேருவாய், என்னிடம் இல்லை. அதற்காகத் தெற்கை விடாதே. எனக்குப் பெட்டி வைக்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். முதலில் மாட்டேன் என்றார். அப்புறம் என் தலையில் கை வைத்தார்.

எனக்குப் பயமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பயமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சரி என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறு. சந்தைக்கு அவரைக்காய் வந்துவிட்டது. நான் உட்கார்ந்தபடி கொட்டையை உரித்துத் தருகிறேன், களிக்குக் குழம்பு நீதான் வைக்க வேண்டும். அடுப்புப் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை.

போகிற இடமெல்லாம் நீ நன்றாக இருக்க வேண்டும். அங்கே எந்தக் குளிரும் உன்னை ஒன்றும் செய்யக் கூடாது.

இப்போது என் கை சூடாகத்தான் இருக்கிறது. வந்து பிடித்துக்கொள்.

உன் அம்மா,
ரங்கம்மா