ஒன்பது மிளகாய் மாலை

என் கண்ணான மகள் நெர்மினுக்கு,

இறைவன் அருளால் நாங்கள் நலம், நீயும் உன் வீட்டுக்காரரும் ஹாம்பர்க் குளிரில் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். உன் அப்பா முழங்கால் வலி என்று தோட்டத்துக்குப் போவதில்லை, ஆனால் காபிக்கடைக்கு மட்டும் அந்த முழங்கால் நன்றாகவே நடக்கிறது. உன் தம்பி தைஃபுனுக்கு ஷெரிஃபே வீட்டுப் பெண் பெலினைக் கேட்டுப் போனோம். மாப்பிள்ளையைச் சோதிக்கும் வழக்கப்படி பெலின் அவன் காபியில் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாள், அந்த மடையன் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டான். இவள் சமையலில் வளர்ந்த பிள்ளை அல்லவா என்று உன் அப்பா எல்லோர் எதிரிலும் சொன்னார், அதை நான் மறக்கவில்லை.

போகும்போது சம்பந்தியம்மாள் ஷெரிஃபேக்கு ஒரு மாலை பின்னிக்கொண்டு போனேன். புதிதாக எதுவும் வாங்கவில்லை, நான் வாங்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். பிஸ்கட் டப்பாவில் உன் சீருக்குப் பின்னியதில் மிஞ்சிய பச்சை நூலும் பாசிமணியும் கிடந்தன, முக்காட்டில் பின்னும் புல்வெளி ஓரம்போல, இரு வீடும் நல்லபடி இருக்கட்டும் என்று பச்சையில் ஆரம்பித்தேன். மணியை முதலிலேயே எண்ணி நூலில் கோத்துக்கொண்டுதான் ஊசியைத் தொட வேண்டும், சின்ன வயதில் நீ எண்ணாமல் கோத்தபோதெல்லாம் உன் கையில் அடித்தவள் நான். அந்த நான்தான் எண்ணாமல் கோத்தேன். முன்பக்கம் வரும்போது மணி தீர்ந்துபோயிற்று. டப்பாவின் அடியில் ஏற்கெனவே சிவப்பு நூலில் பின்னிய மிளகாய்கள் கிடந்தன, ஒன்பதை எடுத்து வரிசையாகத் தொங்கவிட்டேன். முக்காட்டு ஓரத்தில் மிளகாய் பின்னிக் கொடுத்தால் வாங்குகிறவள்மேல் கோபம் என்று அர்த்தம், அது ஊருக்கே தெரியும், ஆனால் இது கழுத்து நகைதானே, நகையை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

ஷெரிஃபே படித்தாள். மாலையைப் பார்த்தாள், கழுத்தில் போடாமல் காபிக் கோப்பைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். மூன்று நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை. நாலாம் நாள் பெலினின் அத்தை சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே என்னை மடக்கி, என்ன சம்பந்தி, பொண்ணு வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே மிளகாய் அரைச்சுட்டீங்களா, எங்க பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை கிடைக்கமாட்டானான்னு கேட்டாள். தக்காளிக்காரன்கூடச் சிரித்தான். தைஃபுன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. உன் அப்பாவோ, ஒரு சங்கிலி வாங்கியிருந்தா முடிஞ்சிருக்கும், உன் மிச்சம் மீதி புத்தி எங்கே போகும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைக்காட்சி பார்த்தார்.

வேறு வழியில்லாமல் ஷெரிஃபே வீட்டுக்குத் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். உனக்கும் இப்போது சொல்கிறேன். அந்த மிளகாய்கள் உனக்காகப் பின்னியவை. நீ யாருக்கும் சொல்லாமல் அங்கே பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மூன்று வாரம் கழித்துப் போட்டோ அனுப்பினாயே, அப்போது ஒரு முக்காடு முழுக்க நாற்பது மிளகாய் வைத்துப் பின்னினேன். தபாலாபீஸ் வரிசையில் என் முறை வரும்வரை நின்றேன், பிறகு அனுப்ப மனம் வராமல் திரும்பிவிட்டேன். துணியைத் துடைக்க வைத்துக்கொண்டேன், மிளகாயை அறுத்து டப்பாவில் போட்டேன், நல்ல நூல், எதற்கு எறிய வேண்டும். ஷெரிஃபே கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்போ இது வீடு மாறி வந்திருக்கு, யாருக்குச் செஞ்சியோ அவளுக்கே அனுப்பு, அவ இதைக் கழுத்துல போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு வந்து நிக்கட்டும், அப்போ நம்பறேன், வரலேன்னா நீ எனக்குத்தான் செஞ்சேன்னு வச்சுக்குவேன் என்று மாலையைத் திருப்பிக் கொடுத்தாள். ஆக, உன் தம்பியின் கல்யாணம் உன் கழுத்தில் தொங்குகிறது மகளே.

மாலை இந்தப் பொட்டலத்திலேயே இருக்கிறது. உருளைக்கிழங்கு தோண்டி முடிந்த மறுவாரம் கல்யாணம். லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று எழுதாதே, அந்தப் பாட்டை மூன்று வருடமாகக் கேட்கிறேன். உன் வீட்டுக்காரரையும் அழைத்து வா, மீன் மாதிரி வெளுத்திருக்கிறார், இரண்டு வேளை கறி போட்டு அனுப்புகிறேன். என் கோபம் தீரவில்லை, பொய் சொல்லமாட்டேன், ஆனால் நீ இல்லாமல் என்னால் முடியவில்லை.

உன் இரண்டு கண்ணிலும் முத்தம். அல்லாஹ் உன்னைக் காக்கட்டும், கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

உன் கோபக்கார அம்மா,
ஹுரியே

மறந்துவிடாதே, மிளகாயை நீ அங்கே கத்தரிக்கக் கூடாது. நீ வாசலில் வந்து நின்றதும் ஒவ்வொன்றாக நானே அறுப்பேன். அந்த இடத்தில் வைக்கப் பச்சை மணி வாங்கிவிட்டேன், கடைக்குப் போய், புதிதாக.