பெண்கள் பக்கத்தில் மட்டும் பிழைத்தவன்

மதினி,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. கடைத்தெருவில் நனைந்த கித்தானை உதறி விரித்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், தென்காசிக் கூடார சினிமாக் கொட்டகையில் உங்கள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது அண்ணன் ரங்கூன் அரிசி ஆலை வேலைக்குக் கப்பலேறி ஏழு மாதம். கடைசி நாலு மாதமாகக் கடிதமே இல்லை. நீங்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தீர்கள். மாறுதலாக இருக்கட்டும் என்று படத்துக்கு அழைத்துப் போனவள் நான்தான். என்ன கதை என்று விசாரிக்காதது என் தப்பு. கடற்கொள்ளைக்காரர் படம்.

பேசாத படம் அது. ஆண்கள் பக்கம் ஒருவர் வாயில் தகரக் குழாய் வைத்து உரக்கக் கதை சொல்லுவார். நடுவே பாய்த்தட்டி மறைப்பு. கூரையில் மழை அடித்த சத்தத்தில் அவர் குரல் நமக்கு எட்டவில்லை. திரையில் வந்த இங்கிலீஷ் வரிகளைப் பி.ஏ. முடித்திருந்த நான் பெண்களுக்கு வாசித்துச் சொன்னேன். கொள்ளையர் கப்பலைப் பிடித்தார்கள்; கப்பல் தலைவனைப் பாய்மரத்தில் கட்டிவைத்துவிட்டு, கரையில் காத்திருந்த மனைவியிடம் நகைப் பெட்டியைக் கேட்டார்கள். உங்கள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. திரை கறுத்து எழுத்து வந்தது: அவனைக் கடலில் எறிந்துவிட்டார்கள்.

"என்னட்டி போட்டிருக்கு?"

"நீந்திக் கரைசேந்துட்டானாம், மதினி."

பெண்கள் பக்கம் குலவை எழுந்தது. அதே நேரம் தட்டிக்கு அப்பால் ஆண்கள் எல்லாரும் "ஐயையோ" என்றார்கள். பின்னாலிருந்த ஆச்சி ஒருத்தி எழுந்து, "ஏலே, உங்களுக்கு மட்டும் வேற படமா ஓட்டுதானுவ?" என்று கத்தினாள். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

மறுநாள் காலையில் காகிதமும் பேனாவும் என் முன்னால் இருந்தன. "ஆலைத் துரைக்கு இங்கிலீஷ்ல கடுதாசி எழுதுட்டி. சும்மா காத்துக் கெடந்தா, நீ படம் வாசிச்ச மாதிரி நாமளே நல்ல கத சொல்லிக்கிட வேண்டியதுதான்."

ஆறு வாரத்தில் பதில் வந்தது. அண்ணன் விஷக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார், தேறிவிட்டார், அடுத்த கப்பலில் வருகிறார். உரக்க வாசித்தேன். நீங்கள் நம்பவில்லை.

"நீ நல்லாத்தான் வாசிப்ப. கொண்டா இங்கன."

கடிதத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தூறலில் தபாலாபீசுக்கு நடந்தீர்கள். பின்னாலேயே ஓடிவந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டு அப்படி நான் பயந்ததே இல்லை. போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகச் சொன்னார்.

"இன்னொருக்கா வாசிங்கய்யா."

அவர் மறுபடியும் வாசித்த பிறகுதான் அழுதீர்கள். திரும்பி வரும் வழியில் என் தலையில் ஒரு குட்டு. "இனிமே கப்பல்காரன் செத்தா, செத்தான்னே சொல்லு, கேட்டியா?"

நீங்கள் கண்மூடியபின் இதுதான் முதல் சாரல், மதினி. தெருவில் யாருக்கு இங்கிலீஷ் கடிதமோ தந்தியோ வந்தாலும் இன்றும் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். உள்ளதையே வாசிக்கிறேன். நல்ல சேதியாக இருந்தால் மட்டும், அவர்கள் கேட்பதற்கு முன்பே இன்னொரு முறையும் வாசித்துவிடுகிறேன்.