இரண்டாவது சத்தம்

மார்ச் 4

இன்று மொழிபெயர்க்க வந்தது மடக்கு ஏணியில் ஒட்டும் ஸ்டிக்கர். ஆங்கிலத்தில் ஒரே வரிதான். ஏறும் முன், விரித்த ஏணி மடங்காமல் பிடிக்கும் பூட்டு ‘கம்ப்ளீட்லி’ விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. தமிழில் எழுதினால் ஸ்டிக்கரின் ஓரத்தைத் தாண்டிப் போகிறது. எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் ‘கம்ப்ளீட்லி’ மாதிரி வார்த்தைக்குக் கொழுப்பு என்று பெயர். இடம் பற்றவில்லையென்றால் முதலில் கொழுப்பை வெட்டு — மேனேஜரின் வேதவாக்கு. ‘முழுவதுமாக’வை வெட்டினேன். ‘பூட்டு விழுந்ததும் ஏறவும்.’ கச்சிதம்! மேனேஜருக்கு வாயெல்லாம் பல். மாதிரிக்கு வந்த ஏணியையும் என் தலையில் கட்டிவிட்டார். எனக்கெதற்கு ஏணி? தங்கை இப்போதுதான் வீடு மாறியிருக்கிறாள், அவளுக்குக் கொடுத்துவிடலாம்.

மார்ச் 11

ஸ்டிக்கர் அச்சாகி வந்துவிட்டது. முதல் ஒன்றைத் தங்கையின் ஏணியில் நானே ஒட்டிக் கொடுத்தேன். பெருமைதான், வேறென்ன.

மார்ச் 14

தங்கை வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டப் போயிருந்தேன். ஏணியை விரித்தாள், ‘டிக்’ என்றது, விறுவிறுவென்று ஏறிவிட்டாள். திரைச்சீலைக் கம்பியை எடுத்துக் கொடுக்க ஏணியில் கொஞ்சம் சாய்ந்தேன். மொத்த ஏணியும் ஒரு குலுக்கு குலுக்கி ‘டக்’ என்றது. “ஐயோ அக்கா!” என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இறங்குடி. முதல்ல இறங்கு.”

“ஏன் இப்படிக் கத்தற? பூட்டு விழுந்துச்சு, ஏறினேன். நீ எழுதினதைத்தானே செஞ்சேன்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் இறங்கியதும் ஏணியை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்தேன். முதல் சத்தத்தில் பூட்டு பாதிதான் விழுகிறது. அழுத்தினால்தான் இரண்டாவது சத்தம். அது வராமல் ஏறினால் ஏணி எந்தப் பக்கம் நழுவும் என்று சொல்ல முடியாது. நான் வெட்டிய வார்த்தைக்கு வேலையே அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில்தான்.

இந்த ஸ்டிக்கரோடு ஏணிகள் கடைகளுக்கெல்லாம் போயிருக்குமே. எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்?

மார்ச் 15

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. பாலைப் பொங்கவிட்டேன்.

அந்த வார்த்தை செய்த பாவம்தான் என்ன? ஷாம்பு விளம்பரத்தில் ‘கம்ப்ளீட்லி’ புதியது என்பான், பாட்டில் மட்டும்தான் புதிதாக இருக்கும். வீட்டுக்காரர் “சுத்தமா மறந்துட்டேன்” என்றால் ஞாபகம் இருக்கிறது, கடைக்குப் போகச் சோம்பல் என்று அர்த்தம். நான் மட்டும் என்னவாம்? “நூத்துக்கு நூறு வரேன்” என்று சொல்லிவிட்டு எத்தனை கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். எல்லோரும் மென்று மென்று சக்கையாக்கிவிட்டோம். அதனால்தான் கை கூசாமல் வெட்டினேன். ஆனால் பூட்டுக்கு அதெல்லாம் தெரியுமா? அதற்குப் பாதி என்றால் பாதிதான்.

“யாராவது விழுந்தாங்களா? இல்லல்ல? பேசாம இரு” என்கிறார் வீட்டுக்காரர்.

விழுந்தால் எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் வந்தா சொல்வார்கள்?

மார்ச் 17

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“ஒரு வார்த்தைக்காக எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுப் புதுசா அடிக்கச் சொல்றீங்களா? ஏணிக் கம்பெனிக்காரன் இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டான்.”

“யாராவது விழுந்துட்டா, சார்?”

“விழுந்தா பாத்துக்கலாம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. விழுந்த பிறகு பார்ப்பதற்கு நாம் என்ன எலும்பு டாக்டரா? கேட்டிருக்க வேண்டும். வாசலுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

மார்ச் 18

ஹார்டுவேர் கடைக்குப் போனேன். வரிசையாக ஏணிகள், எல்லாவற்றிலும் என் வரி. கடைக்காரர், “வாங்கறதுன்னா வாங்குங்கம்மா, சும்மா மடக்கி மடக்கி விரிக்காதீங்க” என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பெயின்டர், கையில் வாளி, ஒரு ஏணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை பின்னாலேயே ஓடினேன்.

“ரெண்டு சத்தம் கேக்கணுங்க. ஒரு சத்தத்துல ஏறிடாதீங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “சரிங்கம்மா” என்றார், பைத்தியத்துக்குச் சொல்வது மாதிரி.

அவருக்குச் சொன்னேன். மற்றவர்களுக்கு?

மார்ச் 20

தங்கையின் ஏணியோடு ஆபீஸுக்குப் போனேன். பஸ்ஸில் ஏற்றவில்லை, நடந்தேன். மேனேஜர் மேஜைக்கு முன்னால் வைத்து, “ஸ்டிக்கரைப் படிச்சு நீங்களே விரிங்க சார்” என்றேன். முறைத்துக்கொண்டே படித்தார். விரித்தார். டிக்.

“பூட்டு விழுந்துடுச்சு. இப்ப என்ன?”

“எழுதியிருக்கறபடி ஏறுங்க.”

முதல் படியில்தான் கால் வைத்தார், ஆள் கனம். டக்! ஏணி ஆடிய ஆட்டத்தில் அலமாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், டீ மேஜையெல்லாம் ஓடியது. நான் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பக்கத்து அறையிலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் போனை எடுத்தார்.

மார்ச் 21

கம்பெனி ஸ்டிக்கரை மாற்றுகிறதாம். வேலையை எங்களிடமிருந்து பிடுங்கிவிட்டது. மேனேஜர் என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 9

ஹார்டுவேர் கடை வழியாகக் காய்கறி வாங்கி வந்தேன். ஏணிகளில் புது ஸ்டிக்கர். எழுத்து பொடிப்பொடியாக, இரண்டு வரியில், ‘முழுவதுமாக’ இருக்கிறது. யார் எழுதினார்களோ, நன்றாக இருக்கட்டும். ஆனால் முதலிலேயே விற்றுப்போனவை?

“ரெண்டு சத்தம் அம்மா!”

திரும்பினேன். அதே பெயின்டர். தோளில் அதே ஏணி. அதில் என் பழைய ஸ்டிக்கர்.

“அன்னிக்கு உங்களைப் பத்தி வீட்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சேங்க. மறுநாள் மாடிப்படிக்கு மேல ஏணியைப் போட்டேன். ஒரு சத்தம்தான் வந்துச்சு. கால் வச்சுட்டேன். உங்க மூஞ்சி ஞாபகம் வந்து காலை எடுத்துட்டேன்.” ஏணியைத் தோள் மாற்றினார். “இப்ப கூட வேலை செய்யற எல்லாருக்கும் சொல்லிட்டுத் திரியறேன். என்னையும் பைத்தியம்னுதான் பாக்கறாங்க.”

அவர் தெருமுனை திரும்பும்வரை பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.